பச்சை மைத் திருத்தங்கள்

ஜப்பானின் ஷிமோனோசெகி துறைமுகத்திலிருந்து தென் கொரியாவின் பூசானுக்குக் கப்பல் இரவு ஏழே முக்காலுக்குக் கிளம்பும். இரண்டாம் வகுப்பில் கட்டில் எல்லாம் கிடையாது. பெரிய கூடம், தரையில் விரிப்பு, ஆளுக்கு ஒரு மெல்லிய மெத்தை, ஒரு போர்வை, எவ்வளவு அமுக்கினாலும் அமுங்காத ஒரு தலையணை. மூட்டை வியாபாரம் செய்யும் கொரியப் பாட்டிமார் நாலைந்து பேர் எங்களுக்கு முன்பே வந்து நல்ல இடமாகப் பிடித்துவிட்டார்கள். காலை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து, முன்பின் தெரியாத எங்களுக்கும் ஆளுக்கு இரண்டு சுளை கொடுத்தார்கள்.

எங்கள் பள்ளியின் வரலாற்று ஆசிரியை சுவரைப் பார்த்து உட்கார்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கையில் குறிப்பேடு. மறுநாள் பூசானில் இருக்கும் எங்கள் சகோதரிப் பள்ளியில் அவர் ஐம்பது நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். ஜப்பானிய மொழியில் எடுத்தால் போதும், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று அங்கிருந்து சொல்லியிருந்தார்கள். இவர்தான் கொரிய மொழியிலேயே எடுக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாற்பத்தேழு வயதுக்கு மேல் கற்றுக்கொள்ள ஆரம்பித்த மொழி.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஜப்பானில் ஆசிரியர்களை எல்லோருமே சென்செய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். யமகுச்சி மாநிலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் உதவி ஆங்கில ஆசிரியர் வேலையில் இருக்கிறேன். இரண்டு பள்ளி மாணவர்களும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் இணையவழி வகுப்புகளைப் பேசி முடிப்பதற்காக என்னையும் அனுப்பினார்கள். என் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நான் இங்கே எழுத நினைப்பது சென்செயின் வேலையைப் பற்றி.

ஷிமோனோசெகியும் பூசானும் 1976-இல் சகோதரி நகரங்கள் ஆயின. இப்போதைய கப்பல் அதற்கும் ஆறு ஆண்டு முந்தியது, 1970-இல் தொடங்கியது. ஆனால் இந்தக் கடல்வழியில் 1905-லேயே கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது. அன்று கொரியா ஜப்பானின் பிடிக்குள் போய்க்கொண்டிருந்தது. 1945 வரை அந்தக் கப்பல்களில் அதிகாரிகள் அந்தப் பக்கம் போனார்கள். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் கூலிகள் இந்தப் பக்கம் வந்தார்கள். தாமாக வந்தவர்களும் உண்டு, கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் நடத்தும் கடைகள் ஷிமோனோசெகி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு நிறைய இருக்கின்றன. அங்கே கிம்ச்சி வாங்கிக்கொண்டுதான் நான் வாரக் கடைசியில் வீட்டுக்குப் போவேன்.

எங்கள் பள்ளிக்கும் பூசான் பள்ளிக்கும் நடுவே வருடா வருடம் மாணவர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். 2019-இல் அது நின்றது. போர்க்காலத்தில் கட்டாய வேலை வாங்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று கொரிய உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. மறு ஆண்டு ஜூலையில் ஜப்பான் மின்னணுச் சில்லு தயாரிக்கத் தேவையான மூன்று பொருள்களின் ஏற்றுமதியில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கொரியாவில் ஜப்பானியப் பொருள்களை வாங்காதீர்கள் என்று இயக்கம் எழுந்தது. இந்தச் சூட்டில் பல ஊர்களின் பரிமாற்றங்கள் ஒவ்வொன்றாக நின்றன. எங்களுக்கும் "இந்த ஆண்டு வேண்டாம்" என்று கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு போகலாம் என்றிருந்தபோது கொரோனா வந்து, கப்பலில் ஆள் ஏற்றுவதே நின்றுபோனது. 2022 முடியும் தறுவாயில்தான் பயணிகளை மறுபடி ஏற்றினார்கள்.

"வேண்டாம்" என்ற கடிதத்தை எழுதியவர் அந்தப் பள்ளியின் ஜப்பானிய மொழி ஆசிரியர். பள்ளிக் கடிதம் அச்சில் இருந்தது. அதோடு ஒரு தனித் தாளில், கையால், தன் வருத்தத்தை நாலு வரி எழுதி வைத்திருந்தார். சென்செய் அந்த நாலு வரிக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். அவர் ஜப்பானிய மொழியில் எழுதியிருக்கிறார், நாம் கொரிய மொழியில் எழுதுவதுதானே முறை என்று தோன்றியதாம். அன்றைக்கு அவருக்குக் கொரிய எழுத்துகூடத் தெரியாது. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் வானொலியில் கொரிய மொழி வகுப்பு 1984 முதல் வருகிறது. மொழியை வட கொரியா ஒரு பெயரிலும் தென் கொரியா ஒரு பெயரிலும் சொல்வதால், எந்தப் பெயர் வைத்தாலும் வம்பு என்று, எழுத்தின் பெயரான 'ஹங்குல்' என்பதையே வகுப்புக்குப் பெயராக வைத்தார்கள். சென்செய் காலையில் சமைத்துக்கொண்டே அதைக் கேட்டார். மூன்று மாதம் கழித்து ஐந்து வரியில் பதில் போட்டார்.

இரண்டு வாரத்தில் அந்தக் கடிதம் திரும்பி வந்தது. வரிக்கு வரி திருத்தங்களோடு. கூடவே அவர் ஜப்பானிய மொழியில் எழுதிய புதுக் கடிதம், "இதையும் இப்படித் திருத்தி அனுப்புங்கள்" என்ற வேண்டுகோளோடு.

திருத்தங்கள் பச்சை மையில் இருந்தன. ஜப்பானில் ஒருவருக்குச் சிவப்பு மையில் கடிதம் எழுதினால் உறவை முறித்துக்கொள்வதாக அர்த்தம். கொரியாவில் உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரைச் சிவப்பில் எழுதினால் ஆகாது, சாவுக் கணக்கு. வகுப்பில் நாள் முழுக்கச் சிவப்புப் பேனாவோடு இருக்கும் இரண்டு பேரும் இதற்காகப் பச்சைக்கு மாறினார்கள். பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவர் பச்சையில் திருத்தினார், ஏன் என்று இவருக்குப் புரிந்தது, இவரும் பச்சைப் பேனா வாங்கினார். நம்மூரில் பச்சை மை என்றதும் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துதான் நினைவுக்கு வரும். சர்டிபிகேட் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கையெழுத்துக்காக வெயிலில் நின்றிருக்கிறேன். அதனாலோ என்னவோ, சென்செய் முதன்முதலில் அந்தக் கடிதக் கட்டைக் காட்டியபோது ஒவ்வொரு தாளும் அத்தாட்சி பெற்ற ஆவணம் மாதிரியே எனக்குத் தெரிந்தது.

அரசாங்கங்கள் முகம் கொடுத்துப் பேசாத மாதங்களிலும் அந்தக் கட்டு பருத்துக்கொண்டே போனது. எதைப் பற்றி எழுதினார்கள்? மழையைப் பற்றி, தேர்வுத்தாள் திருத்துவதைப் பற்றி, மகன் பேச்சுக் கேட்காததைப் பற்றி. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் தன் பிழையை இன்னொருவர் கையில் கொடுத்து, இது தப்பு என்று அவர் சொன்னதை வாங்கித் திரும்ப எழுதுவது சின்னக் காரியம் இல்லை. இரண்டு நாடுகளின் பெரிய மனிதர்கள் கைகுலுக்கும் படங்களை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இந்தக் காகிதங்கள் அவற்றைவிட உறுதியானவை என்று மனதார நம்புகிறேன்.

விடிவதற்கு நெடுநேரம் முன்பே கப்பல் பூசான் வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் குடியேற்ற அலுவலகம் திறக்கும்வரை வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். மூன்று மணிக்கு விழிப்புத் தட்டி மேல்தளத்துக்குப் போனேன். மலைச் சரிவெல்லாம் விளக்குகள். சென்செய் அங்கே ஏற்கெனவே நின்றிருந்தார். தூங்கவே இல்லை என்றார்.

பரிசுப் பொருள் விஷயத்திலும் அவர் பல இரவு தூங்கவில்லை. ஜப்பானில் ஓர் இடத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போக முடியாது. கொரியாவிலோ 2016 செப்டம்பர் 28 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. அதைக் கொண்டுவரச் சொன்ன முன்னாள் நீதிபதியின் பெயரால் கிம் யோங்ரான் சட்டம் என்பார்கள். அரசு ஊழியர், பத்திரிகையாளர், ஆசிரியர் யாரும் கைநீட்டிப் பரிசு வாங்குவதை அது கட்டுப்படுத்துகிறது. மே 15 அங்கே ஆசிரியர் தினம். ஹங்குல் எழுத்தை உருவாக்கிய அரசர் செஜோங்கின் பிறந்தநாள் அது. அன்றைக்குக்கூட ஒரு மாணவர் தனியாக ஆசிரியருக்குக் கார்னேஷன் பூ கொடுக்கக் கூடாது. மாணவர் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் கொடுத்தால்தான் சரி. இது தெரிந்ததால் சென்செய் யாருக்கும் தனிப் பொட்டலம் கட்டவில்லை. யமகுச்சியின் உய்ரோ இனிப்பு இரண்டு பெட்டி, அதுவும் விலை குறைவாக, ஆசிரியர் அறை மேசையில் பிரித்து வைத்துவிடலாம் என்று முடிவு. அந்த ஜப்பானிய மொழி ஆசிரியருக்கு மட்டும் ஒன்று கொண்டுபோனார். பச்சைப் பேனாவுக்கு மாற்று மைக்குழாய், மூன்று.

நாங்கள் போனது ஆசிரியர் தினத்துக்கு அடுத்த வாரம். தாழ்வாரச் சுவரில் மாணவர்கள் ஒட்டிய வாழ்த்துத் துண்டுகள் இன்னும் இருந்தன. 'ஸேம், சாரங்ஹேயோ', அதாவது 'டீச்சர், உங்களை நேசிக்கிறோம்' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். ஆசிரியருக்குக் கொரிய மொழியில் சொன்செங்னிம். பிள்ளைகள் செல்லமாகச் சுருக்கி ஸேம் என்பார்கள். ஜப்பானின் சென்செய்யும் கொரியாவின் சொன்செங்கும் ஒரே இரண்டு சீன எழுத்துகளில் பிறந்தவை. முன்னால் பிறந்தவர் என்று பொருள். வாசலில் காலணியைக் கழற்றி விருந்தினர் செருப்பு மாட்டிக்கொள்ளும்போது மாணவிகள் சிலர் கூட்டமாக வந்து எங்களுக்குத் தலைவணங்கிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்ச் சிரித்தார்கள். உலகத்தில் எல்லாப் பள்ளியிலும் புது ஆளைப் பார்த்தால் இந்தச் சிரிப்பு இருக்கும்போல.

ஜப்பானிய மொழி ஆசிரியர் படியிறங்கி வந்தார். இருவரும் அதற்கு முன் இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறார்கள். குனிந்து வணங்கினார்கள், நிமிர்ந்தார்கள், மறுபடி குனிந்தார்கள். அப்புறம் என்ன மொழியில் பேசுவது என்று தெரியாமல் இருவருமே ஒரே நேரத்தில் மற்றவரின் மொழியில் ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

மூன்றாவது பீரியட். இரண்டாம் ஆண்டு வகுப்பு, முப்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் கொரிய அறிவு கடைப் பலகை படிக்கும் அளவுதான், அதனால் அந்த ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து ஜப்பானிய மொழியில் காதோடு சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சட்டைப் பையில் பச்சைப் பேனா.

சென்செய் கரும்பலகையில் ஒரு வரைபடம் ஒட்டினார். பூசானின் நம்போதோங் கடைத்தெரு, அதற்கு மேலே யோங்துசான் குன்று. "இங்கே யார் போயிருக்கிறீர்கள்?" எல்லாக் கையும் மேலே போனது. "சரி. முந்நூறு ஆண்டுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?" ஒருவரும் சொல்லவில்லை. இன்னொரு படத்தை அதன் மேல் ஒட்டினார். சுற்றுச்சுவர், படகுத்துறை, வரிசை வீடுகள். 1678-இல் கட்டிய சொர்யாங் வேக்வான். ட்சுஷிமா தீவிலிருந்து வந்த ஜப்பானியர் நானூறு ஐந்நூறு பேர் இந்தச் சுவருக்குள் இருந்து வியாபாரமும் தூதுவேலையும் பார்த்தார்கள். ஆண்கள் மட்டும். நினைத்தபோது சுவரைத் தாண்டிப் போக முடியாது. தாங்கள் ஐஸ்கிரீம் தின்னும் தெருவில் இப்படி ஓர் இடம் இருந்ததா என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அங்கே 1703-இல் வந்து சேர்ந்த ஒருவரைப் பற்றித்தான் பாடம். அமெனோமோரி ஹோஷூ. ட்சுஷிமாவின் தலைவரிடம் வேலை பார்த்த கன்பூசிய அறிஞர். சீன எழுத்தில் எழுதியே கொரிய அறிஞர்களோடு அவரால் உரையாட முடியும். அன்று கற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அது போதாது என்று நினைத்தார் அவர். முப்பத்தைந்து வயதில் இந்தச் சுவருக்குள் வந்து உட்கார்ந்து, கொரியரிடம் கொரிய மொழி கற்றார். பிறகு பாடநூல் எழுதினார், 1727-இல் ட்சுஷிமாவில் கொரிய மொழிக்கென்று ஒரு பள்ளியே தொடங்கினார்.

வகுப்பு இந்த இடத்தில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தது. மொழி தெரிவதற்கு முன்னால் தெரியாமல் பட்ட பாட்டைச் சென்செய் தன் கதையாகவும் சேர்த்துச் சொன்னார். தன் முதல் கடிதத்தைத் திரையில் காட்டினார், பச்சைத் திருத்தங்களோடு. 'மழை பெய்கிறது' என்று எழுதப் போய் என்ன எழுதிவைத்திருந்தாரோ, பிள்ளைகள் மேசையில் அடித்துச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார், அதனால் எனக்கு அதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு கடினமான பகுதிக்கு வந்தார். 1592 முதல் 1598 வரை, அன்று ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் படை கொரியாவைச் சூறையாடியது. எத்தனையோ பேரைச் சிறைபிடித்துக் கொண்டுபோனது. அதற்கு ஒன்பது ஆண்டு கழித்து, 1607-இல், கொரிய அரசின் தூதுக்குழு ஜப்பானுக்குப் போனது. 1811 வரை இப்படி 12 முறை. ஜப்பானில் இதைப் பற்றிப் பேசினால் ஊர்வலம், இசை, ஓவியம், நட்பு என்றே பேசுவார்கள். முதல் மூன்று குழுக்களுக்கு அன்றைய கொரியாவில் வைத்த பெயரில் சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்டுவருவது என்ற வேலையும் இருந்தது. சென்செய் அந்தப் பெயரைப் பலகையில் எழுதி அடிக்கோடு போட்டார். தூதுக்குழுவைக் கியோத்தோவில் பெரிய புத்தர் கோயிலுக்கு அழைத்துப்போய் விருந்து வைத்தார்கள். அந்தக் கோயிலுக்கு எதிரே மிமிசுகா என்ற மேடு இருந்தது, இன்றும் இருக்கிறது. போரில் கொரியரின் மூக்கையும் காதையும் அறுத்து உப்பில் போட்டுக் கொண்டுவந்து புதைத்த மேடு. அதைக் காட்டினால் நம் கொடுமைதான் ஊருக்குத் தெரியும், அந்தப் போருக்கு ஒரு நியாயமும் இல்லை என்று ஹோஷூ 1728-இல் தன் தலைவருக்கு எழுதிக்கொடுத்தார். அதே நூலில்தான், ஒருவரையொருவர் ஏமாற்றாமல், சண்டையிடாமல், உண்மையோடு பழகுவதே மெய்யான உறவு என்றும் எழுதினார். இந்தத் தூதுக்குழுக்களின் ஆவணங்கள் 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. இரு நாட்டுக் குடிமக்கள் அமைப்புகள் சேர்ந்து விண்ணப்பித்து வாங்கியது அது.

ஜன்னலோரம் ஒரு பையன் கையைத் தூக்கினான். நல்ல உயரம், குரல் மட்டும் மெல்லியது. ஹோஷூ எழுதியது சரி, அதற்கு இருநூறு ஆண்டு கழித்து ஜப்பான் எங்களை ஆண்டதே, அவர் சொன்ன உண்மை அப்போது எங்கே போனது என்று கேட்டான். கேட்ட விதத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

சென்செய் குறிப்பேட்டைப் பார்க்கவில்லை. அதில் இதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒரே வாக்கியம் சொன்னார். "ஜப்பான் அதை…" என்று தொடங்கி, 'இரொபொரிதா' என்ற சொல்லில் முடித்தார்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி, "ஸேம், இஜொபொரிதா" என்றாள்.

கொரிய மொழியில் இரண்டு சொற்கள். 'இஜொபொரிதா' என்றால் மறந்துவிடுவது. 'இரொபொரிதா' என்றால் தொலைத்துவிடுவது. காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும், கொரியரே எழுதும்போது குழம்புவார்களாம். சென்செய் 'மறந்துவிட்டது' என்று சொல்ல நினைத்து 'தொலைத்துவிட்டது' என்று சொல்லிவிட்டார். என் பக்கத்தில் இருந்தவரின் கை சட்டைப் பையில் இருந்த பேனா வரைக்கும் போனது. பிறகு முழங்காலுக்கே திரும்பியது.

"நன்றி" என்றார் சென்செய். பலகைப் பக்கம் திரும்பி இரண்டு சொல்லையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். மறந்துவிட்டது என்று சரியாக ஒருமுறை சொன்னார். பிறகு இரண்டாவது சொல்லைக் காட்டி, அந்தப் பெண்ணிடம், இதுவும் தப்பில்லைதானே என்று கேட்டார். அவள் பையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். "என் மாணவர்களும் உங்கள் வயதுதான். நான் அவர்களிடம் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அதுதான் என் வேலை" என்று முடித்தார். பாடத்தில் மிச்சம் பத்து நிமிடம் இருந்தது, அது எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை.

மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. பள்ளம் பள்ளமாக அச்சு விழுந்த எவர்சில்வர் தட்டு. சோறு, கடற்பாசிச் சூப்பு, கிம்ச்சி, மீன்மாவுப் பட்டை பொரியல். இந்த மீன் பட்டையைப் பூசானில் ஒமுக் என்று சொல்லச் சொல்கிறார்கள், வயதானவர்கள் வாயில் இன்னும் ஓதெங் என்ற ஜப்பானியப் பெயர்தான் வரும். ஜப்பானில் கிண்ணத்தைக் கையில் தூக்கித்தான் சாப்பிட வேண்டும். கொரியாவில் கிண்ணத்தைத் தூக்கினால் மரியாதை இல்லை. சென்செயின் இடதுகை நாலைந்து முறை தானாக மேலே எழுந்து திரும்ப மடிக்குப் போனதைப் பார்த்தேன். நான் வழக்கம்போலக் கையால் சாப்பிட ஆசைப்பட்டேன், ஆனால் சூப்பு. சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் எல்லோரும் பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே தாழ்வாரத்தில் நடக்கிறார்கள். அந்த ஊர்ப் பள்ளிகளில் இது பழக்கம்.

ஆசிரியர் அறையில் உய்ரோ பெட்டி பிரிக்கப்பட்டது. மொழிப் பேச்சு வந்தது. வெள்ளைப் பலகையில் நான் தமிழில் ஒரு வாக்கியம் எழுதி, அவர்களையும் கீழே எழுதச் சொன்னேன்.

நேற்று, பள்ளியில், மாணவர்களோடு, சாப்பிட்டேன்.

கினோ, கக்கோ தெ, செய்தோ தோ, தபெதா.

ஒஜே, ஹக்க்யோ எசொ, ஹக்செங்தூல் குவா, மொகொஸ்ஸொயோ.

சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை. இடத்தைச் சொல்லும் உருபு சொல்லின் வாலில், 'ஓடு' என்பதும் வாலில், வினை கடைசியில். 'நான்' என்று சொல்லாமலே மூன்றிலும் புரிகிறது. மூன்று மொழிக்கும் உறவு உண்டா இல்லையா என்பது அறிஞர்களின் வழக்கு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் நாள் முழுக்க ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போடவே பிள்ளைகளைப் பழக்கும் எனக்கு, அந்த மூன்று வரியைப் பார்த்தபோது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அந்த ஆசிரியர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தான் ஜப்பானிய மொழி படிக்கப் போன காரணத்தைச் சென்செயிடம் சொன்னார். ஆறு ஆண்டுக் கடிதங்களில் ஒருமுறைகூட எழுதாத விஷயம்.

அவருடைய பாட்டி பூசான் சந்தையில் மீன் விற்றவர். சிறுவனாக இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். யாராவது நிறைய வாங்கினால் பாட்டி உதட்டுக்குள் என்னவோ சொல்லிக் கணக்குப் போட்டுவிட்டு, தொகையை மட்டும் கொரிய மொழியில் சொல்வார். அது என்ன மொழி பாட்டி என்று கேட்டதற்கு, "கணக்கு மொழி" என்று சொல்லிவிட்டார். பெரியவனான பிறகுதான் தெரிந்தது. பாட்டி பள்ளிக்குப் போனது 1940-களின் தொடக்கத்தில். பள்ளியில் கொரிய மொழிப் பாடம் எடுபட்டுப்போன காலம். பேசினால் அடி. விடுதலைக்குப் பிறகு பாட்டி சாகும்வரை ஒரு ஜப்பானியச் சொல்லை வாய்திறந்து யாரிடமும் பேசவில்லை. ஆனால் கூட்டலும் பெருக்கலும் மட்டும் அந்த மொழியிலேயே தங்கிவிட்டன. எவ்வளவு முயன்றும் கொரிய மொழியில் கணக்கு வரவில்லை. பாட்டி என்ன சொல்லி எண்ணினார் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் இந்த மொழியைப் படித்தேன் என்றார்.

சென்செய் மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இடத்தில் அது சிறியதாகப் போயிருக்கும். "பாட்டிக்கு வாய்ப்பாடு எதுவரைக்கும் தெரியும்?" என்று கேட்டார்.

"ஒன்பதாம் வாய்ப்பாடு முழுசும்" என்றவர், உதட்டை அதிகம் அசைக்காமல், பாட்டி மாதிரியே, "நி நின் கா ஷி" என்றார். ஈரிரண்டு நாலு. சென்செய், "நி சான் கா ரோகு" என்றார். அவர், "நி ஷி கா ஹச்சி." இருவரும் மாற்றி மாற்றி இரண்டாம் வாய்ப்பாட்டைக் கடைசி வரைக்கும் சொன்னார்கள். அறையில் மற்ற ஆசிரியர்கள் தேநீர்க் கோப்பையோடு நின்றுவிட்டார்கள்.

என் அப்பா இன்றைக்கும் பாலுக்கும் காய்க்கும் 'ஈரிரண்டு நாலு' என்று தமிழில் கணக்குப் போடுவார். நான் மனதுக்குள் 'டூ டூஸா ஃபோர்' என்றே போடுகிறேன். என் வயிற்றுப்பாடும் ஆண்டவர்கள் விட்டுப்போன மொழியால்தான் நடக்கிறது. யாரும் என்னை அடிக்கவில்லை, நாங்களே விரும்பிப் போனோம். இரண்டும் ஒன்றில்லை என்று தெரியும். இருந்தாலும் அந்தப் பாட்டியின் உதட்டசைவு அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

மாலையில் மூன்று பேரும் யோங்துசான் குன்றுக்குப் போனோம். வேக்வானில் மிச்சம் ஒன்றும் கிடையாது, இடத்தைச் சொல்லும் ஒரு குறிப்புக் கல்தான் உண்டு. மேலே 120 மீட்டர் உயரக் கோபுரம். அதன் முன்னால் ஹிதெயோஷியின் கப்பற்படையைத் திணறடித்த தளபதி யி சுன்சினின் சிலை, கடலைப் பார்த்து நிற்கிறது. அதற்குக் கீழே புறாக்களுக்குத் தீனி போடும் தாத்தாக்கள். சென்செய் சிலைக்கு முன் நின்று குனிந்து வணங்கினார். யாரும் கவனிக்கவில்லை.

திரும்பும் கப்பல் இரவு ஒன்பதுக்கு. துறைமுகத்தில் விடைபெறும்போது அந்த ஆசிரியர், அடுத்த ஆண்டு வசந்தத்தில் மாணவர்களை அனுப்புகிறோம் என்றார். 'யாக்சொக்' என்று சேர்த்துக்கொண்டார். ஜப்பானிய மொழியில் யாகுசொக்கு. வாக்கு என்று பொருள். யார் எந்த மொழியில் சொன்னாலும் மற்றவருக்குப் புரியும் சொல்.

அதே தரை விரிப்பு, அதே தலையணை. விளக்கை அணைக்க அரை மணி நேரம் இருந்தது. சென்செய் குப்புறப் படுத்து, கோடு போட்ட தாளில் கொரிய மொழியில் கடிதம் எழுத ஆரம்பித்திருந்தார். நேரில் பார்த்துவிட்டு வந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு வரி எழுதி ஒரு வரி காலியாக விட்டு, மறுபடி ஒரு வரி எழுதினார். காலி வரி எதற்கு என்று நான் கேட்கவில்லை.